பார்லித் தண்ணீரும் பார்லி பீரும்

(கங்காதர நெல்லூரில் பெண்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவர் நகரத்துக் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தார். "இது பீர்தான். ஆனால் போதை இல்லாத பீர். பார்லியில் செய்தது. உடம்புச் சூடு தணியும். நீயும் கொஞ்சம் குடி" என்றார். மாமியாரும், "பார்லி நல்லதுதானே! நான் மாசமாக இருந்தபோது எனக்கும் பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். குடிக்கலாமா, கூடாதா?

கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமியாரும் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்பு மட்டும் இருந்தால் போதாது. விவரமும் வேண்டும். அந்த விவரத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பார்லி ஒன்று, வழி இரண்டு

பார்லி ஒரு தானியம். கோதுமைக்கு உறவு. அதைத் தண்ணீரில் வேக வைத்து, வடித்து, கொஞ்சம் உப்போ எலுமிச்சையோ சேர்த்தால் பார்லித் தண்ணீர். கர்ப்பிணிகளுக்கு நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். அதில் போதை எதுவும் இல்லை. அது ஒரு கஞ்சி. அவ்வளவுதான்.

பீர் செய்வது வேறு வழி. பார்லியை ஊற வைத்து முளைகட்டுவார்கள். முளைத்ததை உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊற வைத்து, இனிப்பான சாறு எடுப்பார்கள். கசப்புக்காக ஒரு கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். ஆறிய பிறகு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னும். தின்றுவிட்டு ஆல்கஹாலை வெளியே விடும். இந்த ஆல்கஹால்தான் போதை தருவது. கள்ளில் இருப்பதும் இதுதான். சாராயத்தில் இருப்பதும் இதுதான். பிராந்தியில் இருப்பதும் இதுதான்.

பனை மரத்திலும் இதே கதைதான். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள் ஆகிவிடும். மரம் ஒன்றுதான். பானையும் ஒன்றுதான். நடுவில் நடப்பதுதான் வேறு.

ஆகவே, "பார்லியில் செய்தது" என்ற சொல் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று காட்டாது. எப்படிச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

போதை இல்லாத பீர் என்றால் என்ன?

போதை இல்லாத பீரும் பெரும்பாலும் பீரைப் போலத்தான் செய்யப்படுகிறது. பிறகு அதிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்து எடுக்கிறார்கள். குறைந்த சூட்டில் ஆவியாக்கி எடுப்பது ஒரு முறை. மெல்லிய சவ்வு வழியே வடிப்பது இன்னொரு முறை. சிலர் புளிப்பு ஏறும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். எந்த முறையாக இருந்தாலும், துளிகூட மிஞ்சாமல் எடுப்பது எளிதல்ல.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மதுபானங்களுக்கான உணவுப் பாதுகாப்பு விதிகள் 2018-ல் வந்தன. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளின்படி, நூற்றுக்கு 0.5 பங்குக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதற்குக் கீழே இருந்தால் மதுபானம் அல்ல. அதனால்தான் இந்த டப்பாக்கள் ஒயின் கடையில் மட்டுமல்லாமல், நகரத்து மளிகைக் கடைகளிலும் குளிர்பானங்களோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

மதுபானம் அல்ல என்பது சட்டத்தின் சொல். ஆல்கஹால் அறவே இல்லை என்பது வேறு சொல். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

ஆங்கிலம் வேண்டாம், எண் போதும்

"டப்பாவில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்குத் தமிழும் கொஞ்சம் தெலுங்கும்தானே தெரியும்" என்று சிலர் சொல்லலாம். கவலை வேண்டாம். உங்களுக்கு எண்கள் தெரியும். பேருந்து எண்ணைப் படிக்கிறீர்கள். ரேஷன் கடை ரசீதைப் படிக்கிறீர்கள். இதையும் படிக்கலாம்.

டப்பாவைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். சதவீதக் குறி போட்ட ஒரு எண் இருக்கும். அதன் அருகில் ஏ.பி.வி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். நூறு மில்லி பானத்தில் எத்தனை மில்லி ஆல்கஹால் என்பதை அந்த எண் சொல்கிறது.

புள்ளி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.

0.0 என்றால், ஆல்கஹால் இல்லை என்று கம்பெனி சொல்கிறது.

0.5 என்றால், நூறு மில்லியில் அரை மில்லி.

5.0 என்றால், நூறு மில்லியில் ஐந்து மில்லி. இது முழுப் பீர்.

8.0 என்றால், கடும் பீர்.

0.5-க்கும் 5.0-க்கும் அதே எண்கள்தான். இடம் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம்! டப்பாக்கள் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். நிறமும் பெயரும்கூட ஒன்றாக இருக்கும். கடைக்காரர் கை மாறி எடுத்துக் கொடுத்தால் எண்தான் நம்மைக் காப்பாற்றும்.

இன்னொன்று. சில டப்பாக்களில் பச்சைப் புள்ளி இருக்கும். அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. கர்ப்பிணிக்கு நல்லது என்று அதற்குப் பொருள் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

650 மில்லி பீர் பாட்டில் ஒன்று. அதில் 5 சதவீதம் ஆல்கஹால் என்றால், 32 மில்லிக்கு மேல் வருகிறது. 60 மில்லி பிராந்தியில் சுமார் 26 மில்லி இருக்கும். பார்த்தீர்களா? "பீர்தானே, லேசானது" என்று சொல்கிறோம். ஒரு முழுப் பாட்டில் பீரில் இருப்பது அந்தப் பிராந்தியைவிட அதிகம்.

போதை இல்லாத பீர் 330 மில்லி டப்பா ஒன்று. 0.5 சதவீதம் என்றால், ஒன்றரை மில்லிக்குச் சற்று மேல். இது மிகக் குறைவுதான். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும், ரொட்டியிலும், பழச்சாற்றிலும்கூட இயற்கையாகவே சிறு துளி ஆல்கஹால் உண்டு. அவற்றை யாரும் தின்னக் கூடாது என்று சொல்வதில்லை.

பிறகு ஏன் இவ்வளவு பேச்சு? காரணம் உண்டு. டப்பாவில் போட்ட எண்ணை எப்போதும் நம்ப முடியாது. கனடா நாட்டில் டொரன்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட 45 பானங்களைச் சோதித்தார்கள். முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். 13 பானங்களில், மேலே போட்டிருந்ததைவிட அதிக ஆல்கஹால் இருந்தது. 0.0 என்று போட்ட சிலவற்றில் ஒரு சதவீதத்துக்கும் மேல் இருந்தது.

நாம் குடிக்கும் டப்பா அந்தப் பதின்மூன்றில் ஒன்றா, மற்ற முப்பத்திரண்டில் ஒன்றா? நாக்குக்குத் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

தாய் சாப்பிடும் சத்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆல்கஹாலும் அதே வழியில் போகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாயின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு குழந்தையின் ரத்தத்திலும் சேர்ந்துவிடும்.

தாயின் ஈரல் முழுமையாக வளர்ந்த ஈரல். அது ஆல்கஹாலை உடைத்து வெளியேற்றும். குழந்தையின் ஈரல் இன்னும் பிஞ்சு. அதனால் அந்த வேலையைச் செய்ய முடியாது. தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் குழந்தைக்கு அது நீடிக்கும்.

குழந்தையின் மூளை கர்ப்பத்தின் முதல் வாரங்களிலிருந்து பிறக்கும் நாள் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, "மூன்று மாதம் கழிந்தது, இனிப் பயமில்லை" என்ற பேச்சு சரியல்ல. எந்த மாதமும் விதிவிலக்கு இல்லை.

1968-ல் பிரான்சு நாட்டின் நாந்து நகரத்து மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் குழந்தைகளைக் கவனித்து எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர்கள் கென்னத் ஜோன்சும் டேவிட் ஸ்மித்தும் இந்தப் பாதிப்புக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கருவில் மதுவால் வரும் பாதிப்பு என்று நாம் சொல்லலாம்.

இந்தக் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கலாம். தலை சிறியதாக இருக்கலாம். கண்கள் சிறுத்து, மேலுதடு மெலிந்திருக்கலாம். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் மழுங்கியிருக்கலாம். சில குழந்தைகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. பள்ளிக்குப் போன பிறகு தெரியும். சொன்னது மனதில் நிற்காது. கணக்கு வராது. ஓரிடத்தில் உட்கார முடியாது. வாத்தியார், "மக்குப் பையன்" என்பார். அப்பா, "சோம்பேறி" என்று அடிப்பார். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இந்தப் பாதிப்பை முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் இது வராமல் முழுவதும் தடுக்கலாம். கர்ப்ப காலத்தில் மது குடிக்காமல் இருந்தால் போதும். காசு செலவில்லாத மருந்து அது.

உலகம் என்ன சொல்கிறது?

1981-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தார். 1989 முதல் அங்கே ஒவ்வொரு மது பாட்டிலிலும் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். நம் நாட்டில் 2019-ல் கட்டாயமான எச்சரிக்கை, மது உடல்நலத்துக்குக் கேடு என்றும், குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பாட்டில் சொல்லாததை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2014-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கர்ப்பிணி பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும், மது பற்றி மருத்துவப் பணியாளர் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. நர்ஸ் அம்மா உங்களிடம் கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அந்த டப்பாவுக்கு என்ன பதில்?

முழுப் பீர், கள், சாராயம், பிராந்தி, ஒயின் ஆகியவற்றுக்குப் பதில் தெளிவானது. கர்ப்பிணிக்கு ஒரு மிடறும் வேண்டாம். இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று யாராலும் அளவு சொல்ல முடியவில்லை.

போதை இல்லாத பீருக்குப் பதில் இதுதான். அதில் இருக்கும் சிறு துளி தீங்கு செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தீங்கே செய்யாது என்றும் நிரூபிக்கவில்லை. டப்பாவில் உள்ள எண்ணும் சில நேரம் தவறாக இருக்கிறது. அதைக் குடிப்பதால் பிள்ளைக்கு வேறு எதிலும் கிடைக்காத சத்து எதுவும் கிடைப்பதில்லை. அப்படியானால் எதற்குக் குடிக்க வேண்டும்? தள்ளி வைப்பதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பானங்கள் சிலவற்றில் சர்க்கரை அதிகம். கர்ப்ப காலத்தில் சிலருக்குச் சர்க்கரை நோய் வரும். 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை. சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் செய்யக்கூடிய இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பெண்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: தெரியாமல் ஒரு டப்பா குடித்துவிட்டேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: பயப்படாதீர்கள். ஒரு டப்பா போதை இல்லாத பீருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனி வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். கர்ப்பம் என்று தெரியும் முன்பு கள்ளோ பீரோ குடித்தவர்களும் அதை நர்ஸ் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று நிறுத்தினால் இன்றிலிருந்து பிள்ளைக்கு நன்மை.

கேள்வி: கள் குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

பதில்: கள்ளிலும் பீரின் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. நேரம் ஆக ஆக ஏறும். சில இடங்களில் கள்ளில் தூக்க மாத்திரையும் ரசாயனமும் கலக்கிறார்கள். 2015-ல் தெலங்கானாவில் கலப்படக் கள்ளைத் தடுத்தபோது, அதற்குப் பழகிய பலர் கை கால் நடுங்கி, மனம் குழம்பி, மருத்துவமனைக்கு வந்தார்கள். கர்ப்பிணிக்குக் கள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பழைய சோறும் இட்லி மாவும் புளிக்கிறதே, அவற்றையும் விட வேண்டுமா?

பதில்: வேண்டாம், தாராளமாகச் சாப்பிடுங்கள். இட்லி ஆவியில் வெந்துவிடுகிறது. ஒரு ராத்திரி ஊறிய பழைய சோறு மது ஆகிவிடாது. சுத்தமான தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தால் போதும்.

கேள்வி: பீர் குடித்தால் தாய்ப்பால் ஊறும் என்கிறார்களே?

பதில்: இல்லை. தாய் குடிக்கும் ஆல்கஹால் பாலிலும் கலக்கிறது. பால் இறங்குவதையும் அது குறைக்கிறது. பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் ஊறும்.

கேள்வி: தினமும் குடித்துப் பழகிய பெண் என்ன செய்வது?

பதில்: அவரைத் திட்டாதீர்கள். அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

சூட்டுக்கு என்ன குடிப்பது?

நம் ஊர் வெயில் பொல்லாதது. கர்ப்பிணிக்குத் தாகம் அதிகம் எடுக்கும். அதற்கு நம்மிடமே எத்தனையோ உண்டு. மோர் இருக்கிறது. இளநீர் இருக்கிறது. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இருக்கிறது. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கலாம். மாமியார் சொன்ன பார்லித் தண்ணீர் இருக்கிறதே, அதையும் குடிக்கலாம். மாமியார் பார்லியைப் பற்றிச் சொன்னது சரிதான். டப்பாதான் தவறு.

கூடவே, முதல் மூன்று மாதம் போலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, 180 நாள். அரசு இலவசமாகத் தருகிறது. டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் முட்டையும் கீரையும் வாங்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

அண்ணன் தம்பிகளே, இது பெண்கள் விஷயம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் பாட்டில் இருந்தால் மனைவிக்கு அது சோதனை. குடித்துவிட்டுப் போடும் சண்டையில் வயிற்றில் அடி பட்டால் பிள்ளைக்கு ஆபத்து. மனைவி கர்ப்பமாக இருக்கும் ஒன்பது மாதமும் நீங்களும் குடிக்காமல் இருந்து பாருங்கள். அதைவிடப் பெரிய சீமந்தச் சீர் கிடையாது.

படித்த பெண்கள் செய்த வேலை

நம் ஊர் கங்காதர நெல்லூர். நெல்லூர் மாவட்டம் என்பது வேறு. அந்த மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். அறிவொளி இயக்கத்தில் சேர்ந்த பெண்கள் அங்கே ராத்திரியில் எழுத்துப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு கதை. குடியால் கெட்ட குடும்பத்தின் கதை. பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூட வைத்த கதை. படித்தவர்கள், "இது நம் கதைதானே!" என்றார்கள். ரோசம்மா முதலான பெண்கள் முன்னால் நின்றார்கள். சாராயக் கடையைத் தடுத்தார்கள். 1992-ல் அது ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது. அது 1997-ல் தளர்த்தப்பட்டது.

சட்டம் வரும், போகும். படிப்பு ஒரு முறை வந்தால் போகாது. அந்தப் பெண்கள் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு ஒரு மாநிலத்தையே அசைத்தார்கள். நாம் ஒரு டப்பாவில் உள்ள எண்ணைப் படித்து ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியாதா?

நினைவில் வைப்போம்

1. கர்ப்பிணிக்கு மது ஒரு மிடறும் வேண்டாம். எந்த மாதத்திலும் வேண்டாம்.

2. பீர், கள், பிராந்தி எல்லாவற்றிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான்.

3. போதை இல்லாத பீரிலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கலாம். தவிர்ப்பதே நல்லது.

4. எண்ணையும் புள்ளியையும் பார்த்துப் படிப்போம்.

5. தெரியாமல் குடித்தவர் பயப்பட வேண்டாம். நர்ஸ் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

6. தாகத்துக்கு மோர், இளநீர், பார்லித் தண்ணீர்.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. உங்கள் தெருவில் மாசமாக இருக்கும் ஒருவரையாவது வரும் 9-ம் தேதி கையோடு அழைத்துப் போங்கள். போகும் வழியில் இன்று கேட்டதை அவருக்குச் சொல்லுங்கள்.